மினிடிவி கேசட் கம்ப்யூட்டரில் ஏறவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

2000-களில் சேலத்தில் கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று எதைப் படம் பிடித்தாலும் பெரும்பாலும் மினிடிவி (MiniDV) என்ற சின்ன டிஜிட்டல் வீடியோ கேசட்டில்தான் பிடித்தோம். அந்தக் கேசட்டுகள் இன்னும் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்கின்றன. காமிராவும் பரணில் இருக்கும். வீட்டில் ஒரு பெரியவர் தவறிப்போன பிறகுதான் அதை இறக்குகிறார்கள். அவர் குரல் அதில் மட்டும்தான் இருக்கிறது என்று அப்போதுதான் ஞாபகம் வருகிறது.

அப்படி வந்தவர்களுக்குப் பல வருஷமாக கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்து வருகிறேன். திரும்பத் திரும்பப் பார்த்த கோளாறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன். சந்தேகப்பட வேண்டிய வரிசை ஒன்று உண்டு: முதலில் கேபிள், அடுத்து கம்ப்யூட்டர், அப்புறம் காமிரா, கடைசியில்தான் கேசட். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். படம் வரவில்லை என்றதும் கேசட்டை வெளியே எடுப்பதும் திரும்பப் போடுவதும் ரீவைண்ட் செய்வதுமாக இருக்கிறார்கள். இதில் கேபிள் போனால் வேறு வாங்கலாம், காமிரா போனால் வேறு தேடலாம். கேசட் போனால் போனதுதான்.

தொடங்கும் முன் மூன்று வேலை

கேசட்டின் முதுகில் நகத்தால் தள்ளும்படி ஒரு சின்னத் தாழ்ப்பாள் இருக்கும். அதை "சேவ்" பக்கம் தள்ளிவிடுங்கள். கை தவறி ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் பழைய படம் அழியாது.

சோதனைக்கு முக்கியமில்லாத ஒரு கேசட்டைத் தனியாக எடுத்து வையுங்கள். கீழே சொல்லும் சோதனைகள் எல்லாவற்றையும் அதில்தான் செய்ய வேண்டும். தாலி கட்டும் கேசட்டில் வேண்டாம்.

காமிராவை பேட்டரியில் ஓட்டாமல் அடாப்டரில் ஓட்டுங்கள். பழைய பேட்டரி முழு சார்ஜ் என்று காட்டும், பத்து நிமிஷத்தில் படுத்துவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்கு கரண்ட் நிறுத்தும் நாளா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 1: காமிராவைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை

வருகிறவர்களில் பாதிக்கு மேல் இந்தக் கேஸ்தான். "அண்ணா, கேபிள் மாட்டியாச்சுங்க, சிஸ்டத்துல ஒண்ணுமே காட்டல" என்பார்கள்.

*யூஎஸ்பி கேபிளில் மாட்டியிருந்தால்*

கோளாறே அதுதான். மினிடிவி காமிராவில் யூஎஸ்பி ஓட்டை பெரும்பாலும் மெமரி கார்டில் உள்ள போட்டோவை எடுக்கவும், வெப்காமிரா போலப் பயன்படுத்தவும் வைத்தது. சில மாடல்களில் அதன் வழியாக வீடியோவும் வரும், ஆனால் மங்கலாக, சின்ன அளவில் வரும். கேசட்டில் உள்ளது உள்ளபடி வர வேண்டுமென்றால் "டிவி" (DV, தொலைக்காட்சி TV அல்ல) அல்லது "ஐ.லிங்க்" என்று எழுதியிருக்கும் சின்ன ஓட்டையில் ஃபயர்வயர் கேபிள் மாட்ட வேண்டும். ஐ.லிங்க் என்பது சோனி வைத்த பெயர். ஃபயர்வயர், ஐ.லிங்க், 1394 எல்லாம் ஒன்றுதான்.

ஒரு முனையில் யூஎஸ்பி, மறுமுனையில் ஃபயர்வயர் என்று மலிவாக ஒரு கேபிள் விற்கிறார்கள். அதை வாங்காதீர்கள். உள்ளே வெறும் ஒயர்தான் இருக்கிறது. இரண்டும் பேசும் முறையே வேறு என்பதால் ஒயரை மட்டும் இணைத்தால் எதுவும் நடக்காது.

*ஃபயர்வயர் கேபிளில் மாட்டியும் தெரியாவிட்டால்*

இந்த வரிசையில் பாருங்கள். காமிரா சுவிட்ச் "விசிஆர்" அல்லது "பிளே" நிலையில் இருக்கிறதா? "காமிரா" நிலையில் வைத்துவிட்டு அரை நாள் போராடியவர்கள் உண்டு. அடுத்து, டெமோ மோடு (காமிரா தன் வசதிகளைத் தானே ஓட்டிக் காட்டுவது) ஓடினால் மெனுவில் அதை நிறுத்துங்கள். பிறகு கேபிளை மாற்றிப் பாருங்கள். காமிரா பக்கத்து 4 பின் முனை மிகச் சிறியது, உள்ளே ஒரு பின் மடங்கியிருந்தாலும் போதும். டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். கேபிள் நாலரை மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம்.

கேபிள் நன்றாக இருந்தால் கம்ப்யூட்டரில் டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். "1394 ஹோஸ்ட் கன்ட்ரோலர்" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த வரியே இல்லையென்றால் உங்கள் கம்ப்யூட்டரில் ஃபயர்வயர் இல்லை. இப்போதைய லேப்டாப் எதிலும் இருக்காது. டெஸ்க்டாப் என்றால் மதர்போர்டில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் ஒரு ஃபயர்வயர் கார்டு சொருகினால் வேலை முடிந்தது. லேப்டாப்பில் போராடுவதைவிடத் தெரிந்தவர் வீட்டு பழைய டெஸ்க்டாப்பை இரண்டு நாள் கடன் வாங்குவது நல்லது.

வரி இருக்கிறது, காமிராதான் தெரியவில்லை என்றால் டிரைவரை மாற்றுங்கள். அந்த வரியில் ரைட் கிளிக் செய்து, டிரைவரை நாமே தேர்ந்தெடுக்கும் வழியில் போய், பெயரின் கடைசியில் "லெகசி" என்று இருப்பதை எடுங்கள். விண்டோஸ் 7-ல் அது கூடவே இருக்கும். விண்டோஸ் 8-லிருந்து அதை எடுத்துவிட்டார்கள், மைக்ரோசாஃப்ட் தனியாகக் கொடுத்த டிரைவரை இறக்கிப் போட வேண்டும். கார்டு, கேபிள், காமிரா எல்லாம் சரியாக இருந்தும் படம் வராத கம்ப்யூட்டர்கள் பல, இந்த ஒரு மாற்றத்தில் சரியாகி இருக்கின்றன.

ஆப்பிள் மேக் வைத்திருப்பவர்கள் தண்டர்போல்ட்டிலிருந்து ஃபயர்வயருக்கு மாற்றும் அடாப்டர் போட்டு எடுக்கலாம். யூஎஸ்பி-சி வடிவ ஓட்டை உள்ள மேக் என்றால் இரண்டு அடாப்டர் சேர்த்து மாட்ட வேண்டும். மேக்ஓஎஸ் 26-ல் ஃபயர்வயரையே எடுத்துவிட்டார்கள் என்பதால், மேக்கைப் புதுப்பிக்கும் முன் கேசட் வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

*எதுவும் பலிக்கவில்லை என்றால்*

காமிராவின் டிவி ஓட்டை எரிந்திருக்கலாம். இது எப்படி நடக்கிறது என்பதைக் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டர் பக்கத்து 6 பின் முனை ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் கூம்பு. ஒரு தம்பி மேஜைக்கு அடியில் குனிந்து, கண்ணால் பார்க்காமல் தடவியே சொருகினான். போகவில்லை. கொஞ்சம் அழுத்தினான். பழைய கேபினட், சாக்கெட்டின் தகரம் தளர்ந்திருந்தது. முனை தலைகீழாகவே உள்ளே போய்விட்டது. 6 பின் சாக்கெட்டில் மின்சாரமும் வரும், அது டேட்டா பின்னில் ஏறியதும் காமிராவின் டிவி ஓட்டை போய்விட்டது. சத்தமில்லை, புகையில்லை, காமிராத் திரையில் படம் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கம்ப்யூட்டரிலும் அது தெரியவில்லை.

அதனால் காமிரா, கம்ப்யூட்டர் இரண்டையும் அணைத்துவிட்டு மாட்டுங்கள். முனையைக் கண்ணால் பார்த்து மாட்டுங்கள். அப்புறம் கம்ப்யூட்டர், கடைசியில் காமிரா என்று போடுங்கள்.

ஓட்டை எரிந்திருந்தால் ரிப்பேருக்குக் கொடுப்பது வீண் செலவு, போர்டையே மாற்றச் சொல்வார்கள். வேறு மினிடிவி காமிரா கடன் கிடைக்குமா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி ஒயர் வழியாக, யூஎஸ்பி கேப்சர் கருவி வைத்து எடுக்கலாம். தரம் கொஞ்சம் குறையும். கேசட்டில் ஒவ்வொரு காட்சிக்கும் பதிந்திருக்கும் தேதியும் நேரமும் கோப்பில் வராது. ஆனாலும் படம் கிடைக்கும்.

அறிகுறி 2: ஏறிக்கொண்டே இருந்தது, பாதியில் நின்றுவிட்டது

எத்தனையாவது நிமிஷத்தில் நின்றது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

*ஒவ்வொரு தடவையும் 19 நிமிஷம் வாக்கில் நின்றால்*

ஹார்ட் டிஸ்க் ஃபேட்32 முறையில் இருக்கிறது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது. டிவி வீடியோ ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி பிடிக்கும் என்பதால், கணக்கு சரியாக அங்கே போய் முட்டுகிறது. என்டிஎஃப்எஸ் முறையில் உள்ள டிஸ்க்கில் ஏற்றுங்கள். வெளியே மாட்டும் டிஸ்க், பென் டிரைவ் இவற்றில்தான் இந்தத் தொல்லை அதிகம்.

*ஒரே காட்சியில் நின்றால்*

கேசட்டில் அந்த இடத்தில் வெற்றிடம் இருக்கும். முகூர்த்தம் முடிந்து பந்தி எடுக்கும் முன் காமிராமேன் கேசட்டைத் தள்ளிவிட்டு மறுபடி தொடங்கியிருப்பார். டேப்பில் கூடவே பதியும் நேரக் கணக்கான டைம்கோடு அங்கே அறுந்திருக்கும். மென்பொருளில் காட்சி பிரிக்கும் வசதியை நிறுத்திவிட்டு, காமிராவில் கையால் பிளே அழுத்தி ஓடவிடுங்கள். விண்டிவி என்ற சின்ன இலவச மென்பொருள் இந்த வேலைக்குப் போதும். லினக்ஸ் என்றால் டிவிகிராப்.

*எங்கே வேண்டுமானாலும் நின்றால், அல்லது படம் நடுநடுவே துள்ளினால்*

கம்ப்யூட்டரால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஸ்லீப் நேரத்தை நிறுத்துங்கள், ஆன்டிவைரஸ் ஸ்கேனைத் தள்ளிப்போடுங்கள், மற்ற ஜன்னல்களை மூடுங்கள். ஒரு மணி நேரக் கேசட் ஏற ஒரு மணி நேரம் ஆகத்தான் செய்யும். அந்த நேரத்தில் அந்தக் கம்ப்யூட்டரில் பாட்டுக்கூடக் கேட்க வேண்டாம்.

அறிகுறி 3: படம் கட்டம் கட்டமாக உடைகிறது

இதில் அவசரப்படாதீர்கள். முதலில் காமிராவின் சொந்தத் திரையைப் பாருங்கள். அதில் படம் சுத்தமாக இருந்து கம்ப்யூட்டரில் மட்டும் உடைந்தால், அறிகுறி 2-க்குத் திரும்புங்கள். காமிராத் திரையிலும் உடைந்தால் நிறுத்தி, சோதனைக் கேசட்டைப் போடுங்கள்.

*எல்லாக் கேசட்டும் உடைகிறது*

டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு. படம் பட்டை பட்டையாகப் பிரிந்து, ஒரு பட்டை நன்றாகவும் அடுத்த பட்டை உறைந்தும் மாறி மாறி வந்தால் இரண்டு ஹெட்டில் ஒன்று அடைத்திருக்கிறது என்று அடித்துச் சொல்லலாம். சோனி காமிராவில் சி:22 என்று எண் வருவதும் இதற்குத்தான். அம்மாப்பேட்டைப் பக்கம் தறி ஓடும் வீடுகளிலிருந்து வரும் காமிராக்களில் இதை அதிகம் பார்க்கிறேன். நூல் தூசி கேசட் மூடியின் இடுக்கில் பஞ்சாக ஒட்டியிருக்கும்.

உலர் வகை கிளீனிங் கேசட் ஒன்று போடுங்கள். அதன் உறையில் எழுதியிருக்கும் நேரம் மட்டும், பெரும்பாலும் 10 விநாடி, ஓடவிட்டு நிறுத்துங்கள். அதை ரீவைண்ட் செய்யாதீர்கள், துடைத்த அழுக்கே திரும்ப ஹெட்டில் ஏறும். இரண்டு முறை செய்தும் மாற்றமில்லை என்றால் மூன்றாவது முறை வேண்டாம். அது உப்புத்தாள் மாதிரி ஹெட்டைத் தேய்க்கும். பட்ஸில் ஸ்பிரிட் தொட்டு நீங்களே துடைப்பதும் வேண்டாம், பஞ்சு இழை மாட்டினால் ஹெட்டின் நுனி பெயர்ந்துவிடும். காமிரா சர்வீஸ் செய்பவரிடம் கொடுங்கள்.

*ஒரு கேசட் மட்டும் உடைகிறது*

கேசட்டை ஒரு தடவை கடைசிவரை ஓட்டி, முழுக்கத் திரும்பச் சுற்றுங்கள். பல வருஷம் நின்ற நிலையிலேயே இருந்த டேப் அதில் சீராகும். அதற்கும் சரியாகவில்லை என்றால் அந்தக் கேசட் எந்தக் காமிராவில் பதிந்தது என்று விசாரியுங்கள். 60 நிமிஷக் கேசட்டில் 90 நிமிஷம் பதியும் எல்பி முறையில் எடுத்திருந்தால், பதிந்த காமிராவிலேயே போட்டால்தான் பல நேரம் சுத்தமாக வரும். காமிராவுக்குக் காமிரா ஹெட்டின் நிலை மயிரிழை மாறும், எல்பியில் அந்த மயிரிழையே அதிகம். மாமா வீட்டுக் காமிரா, பக்கத்து ஸ்டூடியோ காமிரா என்று கேட்டுப் பார்ப்பது எந்த ரிப்பேரையும்விடப் பயன் தரும்.

அறிகுறி 4: ஈர எச்சரிக்கை காட்டுகிறது, கேசட்டை எடுக்கும் பொத்தான் தவிர எதுவும் வேலை செய்யவில்லை

ஏற்காட்டுக்காரர்களும் ஏற்காடு போய் வருகிறவர்களும் இதைக் கவனமாகப் படியுங்கள்.

ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். மார்கழியில் காலை எட்டு மணிக்குக்கூட நாகலூர்ப் பக்கம் பனி விலகாது. அந்தக் குளிரில் இருந்த காமிராவைப் பையில் போட்டு, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஒரு மணி நேரத்தில் சேலம் வந்துவிடுகிறார்கள். ஜில்லென்ற சில்வர் டம்ளரில் வெளியே வேர்ப்பது போல, காமிராவுக்கு உள்ளே வேர்க்கிறது. எஸ்டேட் வீட்டிலிருந்து வந்த ஒரு காமிராவின் கேசட் மூடியை என் மேஜையில் திறந்தபோது, உள்ளே ஹெட் பொருத்தியிருக்கும் பளபளப்பான உருளை மேல் மூச்சு விட்ட கண்ணாடி போல ஒரு படலம். விரலால் தொடாமல் விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் ஊசிமுனை அளவு துளிகள். அந்த நேரத்தில் டேப் அதில் பட்டால் ஒட்டிக்கொள்ளும், உருளை சுற்றும் வேகத்தில் கசங்கும் அல்லது அறுந்துவிடும். காமிரா ஓட மறுப்பது கேசட்டைக் காப்பாற்றத்தான். சோனியில் இதற்கு சி:21 என்று வரும்.

செய்ய வேண்டியது: கேசட்டை வெளியே எடுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். மூடியைத் திறந்தபடி, மின்விசிறிக் காற்று நேராகப் படாத இடத்தில், மேலே மெல்லிய துணி போர்த்தி குறைந்தது ஒரு மணி நேரம் வையுங்கள். நான் அரை நாள் வைப்பேன். ஹேர் டிரையர் கூடாது, பிளாஸ்டிக் பல்சக்கரங்கள் வளைந்துவிடும். அரிசி டப்பாவிலும் புதைக்காதீர்கள், தவிட்டுத் தூசி ஹெட்டுக்குப் போகும்.

வராமல் தடுப்பது இன்னும் சுலபம். மலையிலிருந்து கிளம்பும் முன் காமிராவையும் கேசட்டையும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் கவரில் கட்டுங்கள். கீழே வந்ததும் உடனே பிரிக்காமல், அறைச் சூட்டுக்கு வந்தபிறகு பிரியுங்கள்.

*எச்சரிக்கை போகவே இல்லை*

ஒரு நாள் முழுக்கக் காய்ந்தும் போகாவிட்டால் ஈரத்தை உணரும் சென்சார் கெட்டிருக்கலாம். சர்வீஸுக்குத்தான்.

*கேசட்டில் வெள்ளையாகப் பூசணம்*

மலைவீட்டு அலமாரியில் பல வருஷம் இருந்த கேசட்டை ஜன்னல் பக்கம் பிடித்துப் பாருங்கள். டேப் சுற்றின் பக்கவாட்டில் வெள்ளைப் பொடியோ நூலாம்படை மாதிரி இழையோ தெரிந்தால் காமிராவில் போடவே கூடாது. அது ஹெட்டுக்கு ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். அதை மற்றவற்றிலிருந்து பிரித்து, பூசணம் நீக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஊரில் அப்படி ஒருவர் கிடைக்கும்வரை சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். இது பொறுத்திருந்து செய்ய வேண்டிய வேலை.

அறிகுறி 5: படம் வருகிறது, சத்தத்தில் தகராறு

சத்தமே இல்லை, படம் மட்டும் என்றால் காமிரா மெனுவில் ஆடியோ மிக்ஸ் என்ற இடத்தைப் பாருங்கள். 12 பிட் முறையில் பதிந்த கேசட்டில் இரண்டு தடங்கள் இருக்கும். மெனு இரண்டாவது தடத்தில் நின்றால் ஒன்றும் கேட்காது. முதல் தடத்துக்கு மாற்றுங்கள்.

வாய் அசைவுக்கும் குரலுக்கும் போகப் போக இடைவெளி விழுந்தால், அல்லது குரல் திடீரென்று கீச்சென்று மாறினால், கேசட்டின் நடுவில் 12 பிட்டிலிருந்து 16 பிட்டுக்கு யாரோ மாற்றியிருக்கிறார்கள். 32 கிலோஹெர்ட்ஸ் ஒலியும் 48 கிலோஹெர்ட்ஸ் ஒலியும் ஒரே கோப்பில் போனால் கணக்கு தவறும். மாறும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து புதுக் கோப்பாக ஏற்றுங்கள். இதற்கு யாரிடமும் போக வேண்டியதில்லை.

அறிகுறி 6: ஓடும் பொருளின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள்

சேலம் குகைப் பகுதியில் ஆடித் திருவிழாவுக்குச் சாமி வேஷம் கட்டி வண்டிகளில் வரும் வண்டி வேடிக்கையின் கேசட் ஒன்றை எடுத்துப் போனவர், வண்டி நகரும்போதெல்லாம் சாமி வேஷத்தின் ஓரம் கிழிந்து தெரிகிறது என்று மறுநாளே பதறி வந்தார். படம் கெடவில்லை. டிவி முறையில் ஒவ்வொரு ஃப்ரேமும் ஒற்றைப்படைக் கோடு, இரட்டைப்படைக் கோடு என்று இரண்டு பாதியாகப் பதிவாகும். கம்ப்யூட்டர் இரண்டையும் சேர்த்துக் காட்டுவதால் நகரும் இடம் பல்பல்லாகத் தெரிகிறது. விஎல்சி பிளேயரில் டீஇன்டர்லேஸ் என்ற வசதியைப் போட்டால் பார்க்கும்போது போய்விடும். செல்போனுக்கு அனுப்ப எம்பி4 ஆக மாற்றும்போதும் அதே பெயரில் உள்ள வசதியைப் போடுங்கள். மூலக் கோப்பை மட்டும் அப்படியே வைத்திருங்கள்.

முகங்கள் ஒல்லியாக நீண்டு தெரிந்தால் 16:9-ல் எடுத்ததை 4:3 ஆகக் காட்டுகிறது. பிளேயரில் மாற்றிக்கொள்ளலாம்.

கேசட் அல்லாத காமிராக்கள்

மெமரி கார்டில் பதியும் ஏவிசிஎச்டி காமிராவில் எம்டிஎஸ் என்று முடியும் வீடியோ கோப்பை மட்டும் இழுத்துப் போடாதீர்கள். நீளமான காட்சியைக் காமிரா துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கும், தனித்தனியாக எடுத்து ஒட்டினால் ஒட்டுமிடத்தில் ஒரு கணம் சத்தம் அறுந்துபோகும். கார்டின் முழு ஃபோல்டரையும் அப்படியே நகல் எடுத்துவிட்டு, அந்தக் காமிராவுக்கு உரிய மென்பொருளில் சேருங்கள்.

8 செ.மீ. குட்டி டிவிடியில் பதியும் காமிரா என்றால், பதிந்த காமிராவிலேயே ஃபைனலைஸ் (பதிவை முடித்து மூடுவது) செய்த பிறகுதான் பெரும்பாலும் கம்ப்யூட்டர் படிக்கும். தட்டு வெளியே வரும் டிரைவில் போடுங்கள். வாயில் உறிஞ்சும் டிரைவில் போட்டால் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

அறிகுறி 7: கேசட் வெளியே வரவில்லை

அடாப்டரையும் பேட்டரியையும் கழற்றி, சில நிமிஷம் விட்டு, அடாப்டரை மட்டும் மாட்டி எஜெக்ட் அழுத்துங்கள். சி:31, சி:32 என்று எண் வந்தாலும் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும். பேட்டரி இறங்கியதால் மாட்டியிருந்தால் இதிலேயே வந்துவிடும். மோட்டார் முனகும் சத்தம் கேட்டு மூடி பாதி திறந்து நின்றால் இன்னொரு முறை முயலலாம். அதற்கு மேல் வேண்டாம்.

கத்தி, ஸ்க்ரூ டிரைவர் வைத்து நெம்பாதீர்கள். மூடி கொஞ்சம் திறந்து, டேப் உருளையைச் சுற்றியபடி இருந்தால் அதைப் பிடித்து இழுக்கவும் கூடாது. மினிடிவி டேப்பின் அகலம் 6.35 மில்லிமீட்டர்தான், ஒரு தடவை மடிந்தால் அந்த மடிப்பில் படம் நிற்காது. அப்படியே அணைத்து, கேசட் உள்ளே இருக்கும்படியே சர்வீஸ் செய்பவரிடம் எடுத்துப் போங்கள். கொடுக்கும்போது தெளிவாகச் சொல்லுங்கள்: "காமிரா போனாலும் பரவாயில்லைங்க, கேசட்டுதான் வேணும்." அப்படிச் சொன்னால் அவர் மூடியையும் தேவைப்பட்டால் பல்சக்கரத்தையும் அறுத்துக்கூட டேப்பை முழுசாக வெளியே எடுப்பார். சொல்லாவிட்டால் காமிராவைக் காப்பாற்ற டேப்பை வெட்டுகிறவர்களும் உண்டு.